பூட்டிய மெஷினும் என் கொழுந்தனும்

"எப்படி அண்ணி அவ்வளவு வேகமா ஓட வெச்சான்? ஒருவாட்டி தொறந்து காட்டினா அவனுக்கு என்ன கொறஞ்சுடும்?"

பல் விளக்கும் முன்பே என் கொழுந்தன் வாயிலிருந்து தினமும் வருவது இந்தப் புலம்பல்தான்.

பிரிண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். பொருள்மேல் ஒட்டும் விலை லேபிளை எந்தப் பழைய மெஷினிலும் அடிக்க ஒரு புரோகிராம் எழுதினான். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம் என்று இன்டர்நெட்டில் திறந்து போட்டான். ஒரு கம்பெனி எடுத்தது. தன் பங்குக்கு என்னவோ சேர்த்து, உள்ளே யாரும் பார்க்க முடியாதபடி பூட்டி, தன் மெஷினில் போட்டு விற்கிறது. இவனுடையது ஒவ்வொரு லேபிளுக்கும் முக்கி முனகும். அவர்களுடையது சரசரவென்று துப்புகிறது.

"நீதானே எடுத்துக்கோன்னு போட்ட? இப்ப எதுக்கு மூக்கால அழற?"

"எடுத்துக்கட்டும் அண்ணி, வித்துக்கட்டும். என்ன பண்ணினான்னு எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

கம்பெனி மெஷினுக்குள் இருப்பது இவனுடையதுதான் என்பதற்கு நானே சாட்சி. ஒருநாள் மருந்துக்கடையில் அந்தக் கம்பெனியின் புது மெஷின் நின்றுபோனது. திரையில் ஒரு வரி: "முதல்ல ஒயரைப் பாரு. அப்புறம் கத்து." கடைக்காரருக்கு முகம் சிவந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் நான் இவனிடம் சொல்வது அது! விளையாட்டாகப் புரோகிராமில் சேர்த்திருக்கிறான். எடுத்தவர்கள் அதைக்கூடப் படித்துப் பார்க்காமல் பூட்டிவிட்டார்கள்.

கடைக்காரர் கம்பெனியைப் பிடித்து உலுக்க, அந்த வரியை எழுதியது யார் என்று விசாரித்துக்கொண்டு கம்பெனி மேனேஜரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"எங்ககிட்டயே வேலைக்கு வந்துடுங்க சார். உள்ள எல்லாத்தையும் பாக்கலாம்."

கொழுந்தன் கண் விரிந்ததைப் பார்க்கணுமே!

"பாத்துட்டு, என்னோடதுலயும் அப்படிப் பண்ணிக்கலாமா?"

"அது முடியாது. உங்களோடதை இனிமே தொடவே கூடாது. பாத்ததை வெளிய சொல்லவும் கூடாது."

சேர்ந்து தொலை என்று நான் அடுப்படியிலிருந்தே கண் காட்டினேன். அவன் யோசித்த யோசனையில் மேனேஜரின் டீ ஆறி ஏடு கட்டிவிட்டது.

"தெரிஞ்சதை வாய்க்குள்ள வெச்சுகிட்டு, துப்பவும் முடியாம முழுங்கவும் முடியாம நிக்கணும். நமக்கு ஆகாது சார். நானே கண்டுபிடிச்சுக்கறேன்."

அவர் போய்விட்டார். இவன் இப்போது மருந்துக்கடை மெஷினில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். "என்னப்பா, மெஷினுக்கு ஜுரமா?" என்கிறார் கடைக்காரர். ஒருநாள் தன் கடையில், லேபிள் முழுவதையும் அனுப்பாமல், மாறும் எழுத்துகளை மட்டும் மெஷினுக்கு அனுப்பிப் பார்த்தான். வேகம் வந்தது. ஆனால் சோப்பு லேபிளில், அதற்குமுன் அடித்த இருமல் மருந்தின் பெயர் வந்தது. விழுந்து விழுந்து சிரித்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில், ஷட்டர் பாதியோடு சிக்கி நிற்கும் கடை அவனுடையது. இந்த வேலை கொஞ்சம் தெரிந்தவர்கள் ஒரு நடை போய்ப் பாருங்கள். தன்னுடையதை முழுக்கத் திறந்து காட்டுவான், நீங்கள் கேட்காததையும் சேர்த்து. உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் போங்கள். அவன் புலம்பலை அங்கே நீங்கள் கேட்டுக்கொண்டால், இங்கே என் காது கொஞ்சம் ஆறும். தலையை மட்டும் குனிந்து போங்கள், ஷட்டர் இடிக்கும்.