ஒரு சொல்லை நீக்கிப் பாருங்கள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இது எனக்கு நடந்தது. புனேயில், 2003 ஜூலையில், பட்டப்பகலில்.

நான் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டரில் தகவல் தேடுவது எப்படி என்று மாணவர்களுக்கு ஆன்லைன் பாடம் தயாரித்திருந்தோம். வீட்டிலிருந்தே டெலிபோன் வழியாக எங்கள் சர்வருக்குள் நுழைந்து படிப்பார்கள். அவர்கள் தேடும் சொற்கள் என் திரையில் தெரியும்.

என் கணவர் முரளி காணாமல்போய் அப்போது இரண்டு வருஷம். சிஞ்ச்வட் ஸ்டேஷனில் லோக்கல் ரயில் ஏறியவர், திரும்பவில்லை. போலீஸ், பேப்பர் விளம்பரம் எல்லாம் முடிந்து, எனக்கு அழுகையும் நின்றுபோயிருந்தது.

அன்று விடுமுறை. நல்ல மழை. நூலகத்தில் நானும் கம்ப்யூட்டர் பிரிவு அச்சுதனும்தான். மதியம் 2.40க்கு யாரோ பாடத்துக்குள் வந்தார்கள். மாணவர் பெயர் வரவேண்டிய இடம் காலியாக இருந்தது.

முதல் சொல் வந்தது. முரளி.

ஆயிரக்கணக்கில் முடிவுகள். 'இன்னொரு சொல் சேருங்கள்' என்றது பாடம்.

முரளி சிஞ்ச்வட்.

முரளி சிஞ்ச்வட் கிரிஜா.

கிரிஜா நான்தான்.

"அச்சுதன், விளையாடறீங்களா?"

"நானா? டீ குடிச்சிண்டிருக்கேன் மேடம். ஏன்?"

நான்காவது சொல் வந்தது. குட்டிம்மா.

முரளி மட்டும் என்னை அப்படிக் கூப்பிடுவார். அதுவும் கதவைச் சாத்திய பிறகு.

முடிவுகள் இல்லை. 'ஒரு சொல்லை நீக்கிப் பாருங்கள்' என்றது பாடம்.

முரளி மறைந்தது...

சிஞ்ச்வட்... கிரிஜா...

கடைசியில் குட்டிம்மாவும்.

அச்சுதன் என் பின்னால் வந்து நின்றார். மாணவர்களுக்குப் பதில் எழுதும் உதவிப் பெட்டியில் தட்டினேன்.

"நீங்களா?"



பிறகு, ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது.

"யாரைத் தேடறேன்னு மறந்துபோச்சு..."

டக். இணைப்பு போய்விட்டது.

எனக்குப் பயம் வரவில்லை. எதுவுமே வரவில்லை.

சர்வரில் பதிவான டெலிபோன் நம்பரை அச்சுதன் எடுத்தார். பார்த்ததும் தெரிந்தது. எங்கள் பழைய வீட்டு நம்பர். முரளி போன பிறகு நான் திருப்பிக் கொடுத்தது.

மறுநாள் டெலிபோன் ஆபீசில் விசாரித்தோம். அதைப் பிம்ப்ரியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டார்களாம். நேரில் போனோம். அந்த நம்பர் இருக்கும் அறையைக் கீழ்த்தளத்தில் காட்டினார்கள்.

பிணவறை.

முரளி என்று யாரும் அங்கே வந்ததில்லை என்றார்கள். கம்ப்யூட்டரும் கிடையாது. சுவரில் ஒரு டெலிபோன் மட்டும்.

அதுவும் மழையில் லைன் அறுந்து, ஒரு வாரமாகச் செத்துக் கிடந்தது.