வாப்பா நிறுத்திய இடம்

எங்கள் வீட்டில் எந்த ஆங்கிலப் படமும் முடிந்ததில்லை. வாப்பா முடிய விடமாட்டார்.

வாப்பாவின் பெயர் முனாப். கண்டி டவுனில் சப்பாத்துக் கடை வைத்திருக்கிறார். பழைய ஹொலிவுட் படங்கள் என்றால் அவருக்கு உயிர், அதுவும் கறுப்பு வெள்ளைதான். ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாடு முடிந்ததும் குண்டசாலை வீட்டில் டீவீடி ஓடத் தொடங்கிவிடும். ஆங்கிலம் அவருக்கு அரைகுறை. ஆனால் கதாநாயகன் காலில் போட்டிருக்கும் சப்பாத்தைப் பார்த்தே ஆள் யோக்கியனா இல்லையா என்று சொல்லிவிடுவார். பாதித் தடவை சரியாகவும் இருக்கும்.

இந்தக் காலத்துப் படங்களுக்கு வெட்கமே இல்லையாம், அவருடைய படங்கள் சுத்தமாம். சுத்தம்தான், கடைசி இரண்டு நிமிடம்வரை. படம் முழுக்கச் சண்டை பிடித்துவிட்டு முத்தத்தைக் கடைசிக்கென்று எடுத்து வைத்திருப்பார்கள். அவன் அவளுடைய தோளைத் தொட்டால் போதும், வாப்பாவின் கை ரிமோட்டுக்குப் போய்விடும். திரை இருண்டுவிடும். நானும் தம்பியும் வழக்கப்படி சீலிங்கைப் பார்ப்போம். பிறகு என்ன நடந்தது என்று உம்மா கேட்டால், "பொறகென்ன, கலியாணம் முடிச்சாங்க" என்பார்.

உம்மா மஸீனாவுக்கு ஒரு படத்தில் மட்டும் மனம் ஆறவேயில்லை. ஒரு நர்ஸும் ஒரு பத்திரிகைக்காரனும் வருகிற படம். இருபத்தைந்து வருடத்தில் பதினைந்து தடவையாவது அதன் கடைசித் துறைமுகக் காட்சிவரை போய்த் திரும்பியிருக்கிறோம். அந்தப் பெண் அவனோடு சேர்ந்தாளா என்று கண்ணால் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது உம்மாவின் ஆசை. எனக்கு உம்மாவைப் பார்க்கப் பாவமாக இருக்கும், வாப்பாமீது கோபம் வரும்.

போன பெருநாளுக்கு மறுநாள் நான் குண்டசாலைக்குப் போயிருந்தபோது அந்தப் படம்தான் ஓடியது. துறைமுகம் வந்தது. வாப்பா ரிமோட்டைத் தேடினார். மேசையில் இல்லை, கதிரைக்குக் கீழே இல்லை. உம்மா அதன்மேல் உட்கார்ந்திருந்தார். வேறு வழி தெரியாமல் வாப்பா எழுந்துபோய், டீவீக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"தள்ளுங்க," என்றார் உம்மா. "புள்ளகளுக்கே புள்ள ஈக்கி. இன்னம் ஆருக்கு மறைக்கிற?"

வாப்பா என்னைப் பார்த்தார். இரண்டு பிள்ளை பெற்ற நான் சீலிங்கைப் பார்த்தேன். அவர் விலகினார்.

பத்திரிகைக்காரன் தோளைத் தொட்டான், குனிந்தான். அவள் அவனுடைய கையை எடுத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாகக் கப்பல் ஏறிப் போய்விட்டாள். முத்தமும் இல்லை, கல்யாணமும் இல்லை.

வாப்பா வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"நானும் அவங்க கலியாணம் முடிச்ச எண்டுதான் நெனச்சீந்த," என்றார்.

மனுஷன் ஒரு முடிவைக்கூடப் பார்த்ததில்லை. இத்தனை வருடமும் எங்களுக்குச் சொன்னதைத் தானும் நம்பியிருக்கிறார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

உம்மா சிரிக்கவில்லை. அலுமாரியில் அடுக்கியிருந்த அறுபது எழுபது படங்களையும் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார்.

"அப்ப நீங்க முடிச்சு வெச்ச மத்தக் கலியாணமெல்லாம்?" என்று கேட்டார்.