'ப்ளடி' இழுப்பறையில் பன்னிரண்டு சீட்டுகள்

அகராதி அலுவலகத்தில் அவரைச் சீட்டம்மா என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். இருபத்தொன்பது ஆண்டுகளாகச் சொற்சீட்டுகளைக் காத்து வரும் ஒருவருக்கு அது பொருத்தமான பெயர்தான். ஆயினும் அந்தப் பெயரை முதலில் வைத்தவர் யார், என்ன எண்ணத்தோடு வைத்தார் என்ற ஐயம் அவருக்கு இன்றுவரை தீரவில்லை. அவருடைய இயல்பு அப்படி. பால் பாக்கெட்டில் அச்சிட்ட தேதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பேருந்தில் எவரேனும் எழுந்து இடம் கொடுத்தால், இருக்கையில் என்ன கோளாறு என்று தடவிப் பார்த்த பிறகே உட்காருவார்.

வேறெங்கும் குறையாகக் கருதப்படும் இந்தக் குணம் அகராதி வேலைக்கு நன்றாகவே உதவியது. அங்கே தயாராகிக்கொண்டிருந்தது பெரிய ஆங்கிலம்–தமிழ் அகராதி. அதில் 'பி' எழுத்து முழுவதும் சீட்டம்மாவின் பொறுப்பு. பதினோரு ஆண்டு உழைப்பு. ஒரு சொல்லை எவரேனும் ஆண்டதைப் படித்தாலோ கேட்டாலோ உள்ளங்கையளவு சீட்டில் எழுத வேண்டும். சொல், வாக்கியம், இடம், தேதி, கீழே வலது மூலையில் சேகரித்தவரின் கையொப்பம். கையொப்பம் இல்லாத சீட்டு சான்றாகாது. ஒருமுறை இழுப்பறைக்குள் வந்த சீட்டு மறுபடி வெளியே போகக் கூடாது. இந்த விதிகளை ஏற்படுத்தியவர் அகராதியின் தலைமை ஆசிரியர். எழுத்துப் பிசகாமல் காப்பாற்றியவர் சீட்டம்மா.

அந்தப் பிரிவில் எல்லோருக்கும் தொல்லை கொடுத்த சொல் 'ப்ளடி'.

இரத்தத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து அது பிறந்தது என்பதில் தகராறு இல்லை. இரத்தக்கறை படிந்த என்ற நேர்ப்பொருள் மிகப் பழையது. ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அது 'மிக', 'படு' என்பவற்றைப் போல வெறும் அழுத்தம் காட்டவும் புழங்கலாயிற்று. ஏன் என்பதில்தான் தெளிவில்லை. 'பை அவர் லேடி' எனத் தேவமாதாவின் மேல் இட்ட ஆணை ஒன்று வாயில் தேய்ந்து இப்படி ஆயிற்று என்பர் சிலர். உயர்குடியில் பிறந்து, குடித்துக் கலகம் செய்து திரிந்த இளைஞர்களை 'ரத்தங்கள்' என்று அழைத்தார்கள். அவர்களைப் போலக் குடித்தவன் என்பதிலிருந்து வந்தது என்பர் வேறு சிலர். அழகாக அமைந்த பிறப்புக் கதையைக் கண்டாலே சீட்டம்மாவுக்கு மூக்கில் வியர்க்கும். முதற்கதையின் சீட்டில் இரண்டு சிவப்புக் கேள்விக்குறிகள் போட்டிருந்தார். இரண்டாவதற்கு, கொஞ்சம் இரங்கி, ஒன்று.

தொடக்கத்தில் பெரிய குற்றமாகக் கருதப்படாத அச்சொல், பிந்திய நூற்றாண்டுகளில் சபையில் சொல்லத்தகாததாகிவிட்டது. அச்சிலே முதலெழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும் நிற்கும். நடுவில் ஒரு கோடு. பின்பு மேலதிகாரிகளின் வாய்வழியே வேலையிடங்களுக்கு வந்து, தமிழ்ப் பேச்சில் 'ஃபூல்' என்பதற்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. இங்கே அதன் காரம் பாதியாகக் குறைந்தது. ஆனால் இதற்கெல்லாம் சீட்டு வேண்டுமே! கேட்டதை எழுதிக் கொடுங்கள் என்றால், "ஐயையோ, நம்ம காதுல அதெல்லாம் விழாதுங்க" என்று ஆளாளுக்குக் கையை விரித்தார்கள். தலைமை ஆசிரியரோ வரைவிலேயே குறிப்பு எழுதிவிட்டார்: 'கீழோர் வழக்கு. படித்தோர் பேச்சில் இல்லை.'

"சான்று இருக்காங்கய்யா?" என்று சீட்டம்மா கேட்டார்.

"இல்லங்கறதுக்கு என்னம்மா சான்று?" என்றார் அவர். கேள்வி நியாயமானதுதான். ஆயினும் அதைக் கேட்டபோது அவர் ஜன்னலைப் பார்த்தது சீட்டம்மாவின் கண்ணில் பட்டது.

ஒரு திங்கட்கிழமை முற்பகலில் சீட்டம்மா 'ப்ளடி' இழுப்பறையைத் திறந்து எண்ணினார். பதிவேட்டின்படி நாற்பத்தேழு சீட்டுகள். இழுப்பறையில் ஐம்பத்தொன்பது.

கூடுதலாக இருந்த பன்னிரண்டும் ஒரே மையில், கையெழுத்து தெரியாமல் எழுத்தெழுத்தாகப் பிரித்து எழுதப்பட்டிருந்தன. 'இந்த ப்ளடி ஃபேன். — ஆண், அறுபதுக்கு மேல். காற்று நின்றபோது. எரிச்சல். அறையில் வேறு ஆள் இல்லை.' அடுத்தது: 'ப்ளடி நல்லா எழுதியிருக்கான். — அதே ஆண். பிறர் கட்டுரையைப் படித்து. வியப்பு, வசை அன்று. அறையில் வேறு ஆள் இல்லை.' இப்படிப் பதினொன்று. அலுவலகத்தில் அறுபதைக் கடந்த ஆண் தலைமை ஆசிரியர் ஒருவர்தான். சேகரித்தவர் கையொப்பம் எதிலும் இல்லை.

பன்னிரண்டாவதைச் சீட்டம்மா இருமுறை படித்தார். 'ப்ளடி, ப்ளடி. — பெண், ஐம்பதுக்கு மேல். ஏணியில் நின்றபோது இழுப்பறை நழுவிக் காலில் விழுந்ததால். வலி. தனியே இருப்பதாக எண்ணி.'

அந்தப் பெருவிரல் நகம் இன்னும் கறுத்துத்தான் இருந்தது. யார் கேட்டது? எங்கே நின்று கேட்டது? தடுப்புக்கு அப்பால் டைப்பிஸ்ட் பெண்ணின் தட்டச்சு ஓசை சட்டென்று நின்றது.

"என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"ஏன், எப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா, சும்மா கேட்டேன்."

சும்மா கேட்பவர்களைச் சீட்டம்மா நம்புவதில்லை. செருப்புச் சத்தம் கேட்கவே, பன்னிரண்டாவது சீட்டைக் கைப்பைக்குள் செருகினார். இருபத்தொன்பது ஆண்டுகளில் அவர் மீறிய முதல் விதி அது.

வந்தவர் நிர்வாகச் செயலாளர். எஞ்சிய பதினொன்றையும் மேசைமேல் கண்டார், எடுத்தார், படித்தார். முகம் முதலில் சிவந்தது. பிறகு ஏனோ மலர்ந்தது.

"ஐயாவை வேவு பாத்து எழுதியிருக்கீங்க."

"நான் எழுதல சார்."

"இந்த இழுப்பறையை வேற யாரு தொடுவா? பின்பக்கம் பாருங்க. ப்ரூஃப் தாளை வெட்டி எழுதினது. ப்ரூஃப் யாருக்கு வரும்? ஐயாவுக்கு ஒரு படி, உங்களுக்கு ஒரு படி. ஐயாவா அவரைப் பத்தி அவரே எழுதிப்பாரு?"

"எல்லாரும்தான் பழைய தாளை வெட்டிச் சீட்டு எழுதறோம்."

"வெள்ளிக்கிழமை பேசிக்கலாம். அதுவரைக்கும் சீட்டு பத்திரம்!" என்று அவர் அழுத்திச் சொல்லிவிட்டுப் போனார்.

மாலைக்குள் செய்தி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை தலைமை ஆசிரியர் கையொப்பமிட்டதும், சீட்டம்மா நூல் விற்பனைக் கிடங்குக்கு மாற்றப்படுவார். 'பி' பிரிவு செயலாளரின் மேற்பார்வைக்குப் போகும். பதினோரு ஆண்டு உழைப்பு வேறொருவர் கையில். அதற்கு மேல், ஒட்டுக்கேட்டவள் என்ற பெயர்.

மூன்று நாள் அவர் எல்லோரையும் சந்தேகித்தார். டைப்பிஸ்டின் விரலில் மைக்கறை இருக்கிறதா என்று பார்த்தார். தண்ணீர் கொண்டுவந்து வைப்பவர் ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறார் என்று கணக்கிட்டார். தலைமை ஆசிரியர் மட்டும் அந்த மூன்று நாளும் அவருடைய கண்ணைச் சந்திக்கவில்லை. ஆத்திரமாக இருக்கும் என்று சீட்டம்மா எண்ணிக்கொண்டார்.

வியாழக்கிழமை மாலை, வீட்டில் மூக்குக்கண்ணாடியைத் தேடிக் கைப்பையைத் துழாவிய கணவரின் கையில் அந்தச் சீட்டு அகப்பட்டது. அவர் ஓய்வு பெற்ற ரயில் டிக்கெட் பரிசோதகர். எந்தத் தாளையும் இருபுறமும் பார்க்காமல் கீழே வைக்கமாட்டார்.

"ஏம்மா, ஐம்பதுக்கு மேல, கால்ல இழுப்பறை… இது நீதானே?"

"குடுங்க இங்க!"

"ரெண்டே தடவைதானா? நீ ஆரம்பிச்சா ரெண்டோட நிறுத்துற ஆளா? போன வாரம் குக்கர் மூடி மாட்டிக்கிச்சே, அப்ப எத்தனைன்னு எண்ணவா?"

"நானா? வீட்டுலயா? பொய் சொல்லாதீங்க."

"நான் எதுக்குப் பொய் சொல்லணும்? முப்பத்தாறு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன்."

சீட்டம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு நடந்ததை எல்லாம் கொட்டினார். கணவர் கேலியை விட்டுவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"சரி, மத்த பதினொண்ணுல என்ன எழுதியிருக்கு?"

"எல்லாத்துலயும் கடைசியில ஒரே வரி. அறையில் வேறு ஆள் இல்லைன்னு."

"ஆளே இல்லாத பெட்டியில டிக்கெட் கெடந்தா, அது யாரோட டிக்கெட்?"

யாருமில்லாத அறையில் பேசியதைக் கேட்கக்கூடிய காது ஒன்றே ஒன்றுதான். பேசியவருடைய காது.

சீட்டம்மா நம்பாமல், சீட்டை வாங்கித் திருப்பினார். ஒவ்வொரு ப்ரூஃப் தாளின் வலது மேல்மூலையிலும் அச்சகத்தார் முத்திரை குத்துவார்கள். ஒன்று என்றால் தலைமை ஆசிரியர் படி. இரண்டு என்றால் சீட்டம்மாவின் படி. ஒரு தாளைப் பன்னிரண்டாக வெட்டுவது அலுவலக வழக்கம். அந்த மூலை எந்தச் சீட்டின் முதுகில் இருக்க வேண்டுமோ அந்தச் சீட்டுதான் இப்போது அவர் கையில் இருந்தது. ஊதா மையில் தெளிவாக: ஒன்று.

தப்பிக்க வழி கிடைத்துவிட்டது. ஆனால் அந்த வழியில் போக வேண்டுமானால், ஒளித்த சீட்டை எடுத்து, தன் வாயில் வந்த சொல்லைத் தானே மேசைமேல் வைக்க வேண்டும்.

"வேணாம்னா விட்டுடு. குடோன்ல வேலை கம்மியாத்தான் இருக்கும்," என்றார் கணவர்.

"எனக்கு வேலை கம்மியா வேணும்னு உங்ககிட்ட யாரு சொன்னா?"

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குத் தலைமை ஆசிரியர் அறையில் மூவரும் இருந்தார்கள். மாற்றல் ஆணை மேசைமேல் இருந்தது. தலைமை ஆசிரியர் பேனாவைத் திறந்து கையில் பிடித்திருந்தார். கையொப்பமிடவும் இல்லை, மூடவும் இல்லை.

"ஒரு கையெழுத்துதாங்கய்யா," என்றார் செயலாளர்.

"அவங்க சொல்றதையும் கேட்டுடுவோமே."

சீட்டம்மா மேசையருகே வந்தார். பதினொரு சீட்டுகளையும் குப்புறக் கவிழ்த்து, வரிசைக்கு மூன்றாக நான்கு வரிசை அடுக்கினார். வெட்டிய வரிகள் ஒன்றோடொன்று சேர்ந்து அச்சடித்த பக்கமாயின. வலது மேல்மூலை மட்டும் காலியாக இருந்தது.

"பக்க எண் அதோ இருக்கு சார். படி எண் இந்த ஓட்டையில இருக்கணும்."

"அதான் காணோமே! அகப்பட்டுக்குவோம்னு கிழிச்சுப் போட்டாச்சு," என்றார் செயலாளர்.

"கிழிக்கல. எடுத்து ஒளிச்சு வச்சது நான்தான்."

"ஐயா, ஒத்துக்கிட்டாங்க! நீங்களே கேட்டீங்க!"

சீட்டம்மா கைப்பையைத் திறந்தார். சீட்டை அப்படியே கவிழ்த்து வைத்திருக்கலாம். எண் தெரிந்திருக்கும், வேலை முடிந்திருக்கும். ஆனால் சான்றை ஒரு பக்கம் மட்டும் காட்டுவது அவருக்குப் பழக்கமில்லை. முகத்தை மேலே வைத்து, முதலிலிருந்து கடைசி வரை, அந்தச் சொல்லையும் விடாமல் வாசித்தார். "அந்தப் பெண் நான்தான்," என்றார். பிறகு திருப்பி, ஓட்டையில் பொருத்தினார்.

மூவரும் ஊதா நிற ஒன்றைப் பார்த்தார்கள்.

செயலாளர்தான் முதலில் சுதாரித்தார். "ஐயா, யாரோ உங்க படியைத் திருடி…"

"என் இழுப்பறையிலேருந்து யாரு திருடறது? அதைத் தெறக்கவே எனக்கு ரெண்டு கை வேண்டியிருக்கு, அந்த ப்ளடி —"

தலைமை ஆசிரியர் வாயை மூடிக்கொண்டார். செயலாளர் மாற்றல் ஆணையை மெல்லத் தம் பக்கம் இழுத்து, இரண்டாக மடித்தார்.

"குறிப்பு எழுதின மறுநாள்தாம்மா முதல் தடவை கவனிச்சேன்," என்றார் தலைமை ஆசிரியர். "படித்தோர் பேச்சில் இல்லைன்னு எழுதின அதே வாய். கேட்டதை எழுதாம இருக்க முடியல. பேர் போடத்தான் கை வரல. அன்னிக்கு நீங்க கால்ல போட்டுக்கிட்டப்ப நான் கதவுக்கு வெளியேதான் நின்னேன்."

"இவரு என்மேல பழி போட்டாரே, அப்பவாவது சொல்லியிருக்கலாமேங்கய்யா."

"வெள்ளிக்கிழமைக்குள்ள தைரியம் வந்துடும்னு நெனச்சேன்."

சீட்டம்மா அதை நம்பினாரா என்று சொல்வதற்கில்லை. திறந்த பேனாவை அவர் பிடித்திருந்த விதத்தை மட்டும் நினைத்துக்கொண்டார். சீட்டுகளைப் புரட்டி அவர்முன் நகர்த்தி, வலது மூலையைச் சுட்டினார். "சேகரித்தவர் கையொப்பம் இல்ல."

தலைமை ஆசிரியர் ஒவ்வொன்றாகக் கையொப்பமிட்டார். பதினொன்று முடிந்ததும் வரைவை எடுத்து, 'படித்தோர் பேச்சில் இல்லை' என்பதை நேர்கோடாக அடித்தார். 'கீழோர்' என்பதன்மேல் பேனா கொஞ்சம் தயங்கியது. பிறகு அதையும் அடித்தார். பன்னிரண்டாவது சீட்டில் மட்டும் கை நின்றது.

"இது ஒண்ணை வேணும்னா எடுத்துடலாம்மா. எண்ணிக்கைக்கு மத்தது போதும்."

"வந்த சீட்டு வெளிய போகக் கூடாது. நீங்க போட்ட விதிதாங்கய்யா."

அவர் கையொப்பமிட்டார். சீட்டம்மா அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, இன்னொரு முறை படித்தார். பிறகு தம் பேனாவை எடுத்து, வாக்கியத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு திருத்தம் எழுதித் தம் கையொப்பத்தையும் இட்டார்:

'இரண்டு அன்று. மூன்று முறை.'