மேடைக்கு எறிந்த அங்கி

ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்ததும், அப்பா குழந்தையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் வைத்த பெயர் அகுரி. போதும் என்று அர்த்தம். தாம்பா மலைநாட்டில் தெருவுக்கு ஒரு அகுரி இருப்பாள். பெயருக்கு ஏற்றாற்போல் யார் கண்ணிலும் படாமல் வளர்ந்து, கட்டிக்கொடுத்த இடத்தில் வாயைத் திறக்காமல் கிடப்பாள். இந்த அகுரி அப்படி வளரவில்லை. போதும் என்பதை எங்கே, எப்போது சொல்வது என்று தானே முடிவு செய்கிற ஆளாக வளர்ந்தாள். பதினாறு வயதில் அவளை குரசே பிரபுவின் படையில் ஈட்டி பிடிக்கும் மகோரோகுவுக்குக் கட்டிவைத்தார்கள். அவனுக்குக் கொஞ்சம் வயலும் ஒரு குதிரையும் இருந்தன. குதிரை அப்போதே கிழம்.

மகோரோகு கெட்டவன் இல்லை. கை நீட்டமாட்டான், குடித்துவிட்டு உருளமாட்டான். எதிலும் முதல் ஆளாக நிற்க வேண்டும், பிரபுவின் கண் தன்மேல் விழ வேண்டும் என்பதுதான் அவனுக்கு இருந்த ஒரே வியாதி. விருந்தில் பிரபு கிண்ணத்தைத் தொடுவதற்குள் இவன் கிண்ணம் கையில் ஏறியிருக்கும். பிரபு செய்யுள் சொன்னால் கடைசிச் சொல் வருமுன்னே இவன் தலை ஆடிவிடும். அது நல்ல செய்யுளா, உளறலா என்பதெல்லாம் அவனுக்குத் தேவையில்லை. போரில் மட்டும் இந்தச் சாமர்த்தியம் பலிக்கவில்லை. கிழட்டுக் குதிரையை எவ்வளவு உதைத்தாலும் பத்தாவது ஆளாகத்தான் போய்ச் சேர்ந்தான்.

அதனால் மகனைத் தயார் செய்தான். கிசுகே ஒரே பிள்ளை. பதினேழு வயது. சாப்பிடும்போது பாடுவான், பாடும்போது சோறு சிந்துவான், அம்மாவிடம் திட்டு வாங்குவான். போன இலையுதிர் காலத்தில் பக்கத்து நாட்டு மலைக்கோட்டையைத் தாக்கப் போனபோது அப்பன் அவனிடம் சொன்னான்:

“வேலி மேல முதல்ல ஏறறது நீயா இருக்கணும்டா. பயப்படாத, பின்னாடியே நான் வர்றேன்.”

கிசுகே முதலில் ஏறினான். முதலில் விழுந்தான். அப்பன் சொன்னபடி பின்னால்தான் வந்தான், பத்தாவது ஆளாக.

பிரபுவிடமிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. கொண்டுவந்த தூதர் முன்னறையில் உட்கார்ந்திருக்க, அகுரி அடுக்களையில் வாய்விட்டு அலறினாள். மகோரோகு விறுவிறு என்று உள்ளே வந்தான்.

“மெதுவா, மெதுவா. வெளியில ஆள் இருக்காரு. அழற விஷயமா இது? நம்ம வீட்டுக்கு எவ்வளவு பெரிய பெருமை!”

கடிதத்தை மூன்று முறை வாசித்தான். மடித்துப் பெட்டியில் வைத்தான். தூதர் போனபிறகாவது அழுவான் என்று அகுரி பார்த்தாள். நாற்பத்தொன்பதாம் நாள் காரியத்துக்குப் புத்த பிட்சு வந்து மந்திரம் சொன்னபோது பார்த்தாள். பனி பெய்து உருகும்வரை பார்த்தாள். ஒரு சொட்டு வரவில்லை. பிள்ளையைத் தான் ஒருத்தி மட்டுமே பெற்றோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகம் நாளாக ஆகக் கோபமாக முற்றியது.

வசந்தத்தில் ஊருக்குக் கூத்து வந்தது. கோயில் திடலில் மேடை கட்டினார்கள். பிரபு வருகிறார் என்றால் அவர் ஆட்கள் எல்லோரும் போயாக வேண்டும். அன்று காலை மகோரோகு பெட்டிமுன் நின்று தலையைச் சொறிந்தான்.

“கிசுகேயோட நீல அங்கியைப் போட்டுக்கிட்டுப் போகட்டுமா? எனக்கு இருக்கறதெல்லாம் கிழிசல்.”

அந்த அங்கி, பிள்ளை பெரியவனாகி முடி கட்டிய சடங்குக்காக அகுரி நெய்தது. துணியைச் சின்னச் சின்ன முடிச்சாகக் கட்டி அவுரிச் சாயத்தில் முக்கியவளும் அவள்தான். ஒரு குளிர்காலம் முழுக்க விரல் நீலமாகவே இருந்தது. கிசுகே அதை இரண்டே முறை போட்டான்.

“வேண்டாம்,” என்றாள்.

“அவனும் என்கூட வந்து கூத்துப் பார்த்த மாதிரி இருக்கும், அகுரி.”

இந்த ஒரு வார்த்தையில் அவள் இளகிவிட்டாள். எடுத்துக் கொடுத்தாள். அதற்காகப் பின்னால் தன்னையே எத்தனை முறை திட்டிக்கொண்டாள் என்பதற்குக் கணக்கில்லை.

சாயங்காலம் அவன் உள்ளங்கியோடு வீட்டுக்கு வந்தான். முகம் பூரித்திருந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து வீட்டுக் கமே ஓடிவந்து கொட்டிவிட்டாள்.

“அக்கா, உங்க வீட்டுக்காரரு இன்னைக்கு என்ன அழுகை அழுதாரு தெரியுமா! பிள்ளையைத் தொலைச்ச அம்மா பைத்தியமாத் தேடுற கூத்து. திடலே அழுதுச்சு, ஆனா இவரு அழுத மாதிரி யாரும் அழலை. பிரபு கண்ணைத் துடைக்கறதுக்குள்ள அங்கியைக் கழட்டி மேடையில வீசிட்டாரு. முதல் ஆளு இவருதான்!”

கூத்து நெஞ்சைத் தொட்டால் உடுத்தியிருப்பதைக் கழற்றி மேடைக்கு எறிவது அந்த நாட்டு வீரர்களின் பழக்கம். மறுநாள் கூத்தாடிகளிடம் போய் எதையாவது கொடுத்து அங்கியை மீட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். அதில் ஒரு குறைச்சலும் இல்லை. அகுரி அதைத்தான் சொன்னாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

“காலையில போய் வாங்கிட்டு வாங்க.”

மகோரோகு தொண்டையைச் செருமினான்.

“அது முடியாது. யாரு அங்கின்னு பிரபு கேட்டாரு. கோட்டை வேலியில முதல்ல ஏறின என் மகனோடதுன்னு சொன்னேன். அவருக்கும் கண் கலங்கிடுச்சு. நாளைக்கழிச்சு அதே கூத்து திரும்ப நடக்கணுமாம். தொலைஞ்ச பிள்ளையோட அங்கின்னு கிசுகே அங்கியைத்தான் கையில பிடிச்சு ஆடணுமாம். இனிமே எனக்கு முன்வரிசை, அகுரி!”

அகுரி அடுப்பங்கரையில் இருந்து எழுந்தாள். கையில் அகப்பை இருந்தது. நல்லவேளை, அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

“கோட்டைக்குப் பிள்ளையை முதல்ல குடுத்தீங்க. கூத்துக்குப் பிள்ளையோட அங்கியை முதல்ல குடுத்தீங்க. இன்னும் முதல்ல குடுக்க என்ன இருக்கு வீட்டுல? நான்தான் இருக்கேன். என்னை எதுக்குக் குடுக்கப் போறீங்க?”

“ஏன் இப்படிப் பேசற? அவன் பேரு நிலைக்குது...”

“எவனோ ஒருத்தன் முகமூடி மாட்டிக்கிட்டு, இல்லாத பிள்ளையைத் தேடுறான். அதுக்கு அழுகை வந்துச்சு. இந்த வீட்டுல ஆறு மாசமா நான் ஒருத்தி தேடறேன். அதுக்கு வரலை. வெட்கமா இல்லை?”

மகோரோகு தூங்கப் போனான்.

மறுநாள் அகுரி தன் கல்யாண அங்கியை மடித்து எடுத்துக்கொண்டு கூத்தாடிகள் தங்கியிருந்த கோயில் கொட்டகைக்குப் போனாள். குழுத்தலைவன் தோகுவாகாவுக்கு ஐம்பது வயது இருக்கும். தொந்தியும் இரட்டை மோவாயுமாக உட்கார்ந்து, வாற்கோதுமைக் கஞ்சிக்கு முள்ளங்கி ஊறுகாயைக் கடித்துக்கொண்டிருந்தான். இந்த ஆள்தான் பிள்ளையைத் தொலைத்த தாய். அவன் பின்னால் கொடியில் நீல அங்கி தொங்கியது.

“அதைக் குடுத்துட்டு இதை வச்சுக்கோ,” என்று மூட்டையைப் பிரித்தாள். “பட்டு. உங்களுக்கு அதைவிட உபயோகப்படும்.”

தோகுவாகா விஷயத்தைப் புரிந்துகொண்டு எழுந்து வணங்கினான்.

“அம்மா, வீசினவரு வந்து கேட்டிருந்தா நேத்தே குடுத்திருப்பேன். இப்போ பிரபுவோட கட்டளை ஆகிப்போச்சு. குடுத்தேன்னா உங்க வீட்டுக்காரருக்குத் தலை குனிவு. எங்களுக்குத் தலையே இருக்காது.”

“உன் தலையைப் பத்தி எனக்கென்ன?”

“எனக்குக் கவலை இருக்கே, அம்மா.” அவன் அங்கியின் கையை மெல்லத் தொட்டான். “நெசமா சொல்றேன், இதைக் கையில பிடிச்சா அழுகை தானா வருது. முப்பது வருஷமா இந்தக் கூத்து ஆடறேன், இப்படி ஒரு துணி கிடைச்சதில்லை.” அதோடு நிறுத்தியிருக்கலாம். தொழில்காரன், நாக்கு அரித்தது. “கோவிச்சுக்காதீங்க. சேதி வந்தப்போ நீங்க கையை எங்க வச்சிருந்தீங்க? நெஞ்சுலயா, வாயிலயா?”

அகுரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எவன் கழுத்து கிடைக்கும்னு தேடிட்டு இருந்துச்சு.”

பட்டு அங்கியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். சண்டைக்கு அனுப்பிய பிரபு அழுகிறான், பிள்ளையைக் கொடுத்தவன் அழுகிறான், கூலிக்கு ஆடுகிறவனும் அழுகிறான். எல்லோரும் அவள் பிள்ளையை வைத்து நன்றாக அழுதுகொள்கிறார்கள். அவளை மட்டும் மெதுவா, மெதுவா என்றார்கள்.

கூத்து நாள். பெண்களுக்கு மேடையின் ஓரத்தில் பாய் போட்டிருந்தார்கள். அகுரி வீட்டில் உடுத்தும் சணல் துணியோடு, வயலுக்குப் போட்டுப்போகும் வைக்கோல் செருப்போடு வந்து கமே பக்கத்தில் உட்கார்ந்தாள். மத்தளம் ஒன்று இரண்டு என்று விழுந்தது. குழல் அழுதது. மேடைக்கு வரும் நடைபாலம் வழியாக முகமூடியும் நீண்ட கூந்தலுமாக அந்தத் தாய் வந்தாள். கையில் கிசுகேயின் அங்கி. அடி மேல் அடி வைத்து நடுமேடைக்கு வந்து, அங்கியை இரண்டு கையாலும் ஏந்தி, கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்:

“என் பிள்ளையைக் கண்டவர் உண்டோ? இவ்வழி போனவர் யாரேனும், என் பிள்ளையைக் கண்டவர் உண்டோ?”

அதுவரைக்கும் அகுரி பொறுத்திருந்தாள். எதேச்சையாக முன்வரிசையைப் பார்த்தாள். மகோரோகுவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. மூக்கு ஒழுக, துடைக்கவும் தோன்றாமல் தேம்பித் தேம்பி அழுதான். பச்சைக் குழந்தை மாதிரி அழுதான். அகுரிக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

அவள் எழுந்ததையோ கமே கையைப் பிடித்து இழுத்ததையோ பின்னால் அவளால் நினைவுகூர முடியவில்லை. மேடையின் முன்படியில் ஏறினாள். வெள்ளைக் காலுறை இல்லாமல் யாரும் மிதிக்காத பலகையில் சேற்றுச் செருப்பு பதிந்தது. மத்தளம் நின்றது. குழல்காரன் கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் இன்னும் கொஞ்சம் ஊதிவிட்டு நிறுத்தினான்.

“குடு,” என்றாள்.

முகமூடியின் சின்னக் கண் துளைகளில் தோகுவாகாவுக்கு அவள் பாதிதான் தெரிந்திருக்கும். அவன் பிடியை விடவில்லை. முகமூடிக்குக் கீழே இரட்டை மோவாயில் வியர்வை வழிந்தது.

“அம்மா, பிரபு பாக்கறாரு,” என்று உள்ளிருந்து முணுமுணுத்தான். “இறங்கிப் போயிடுங்க, கும்பிடறேன்.”

“பாக்கட்டும். இது எம் பிள்ளையோடது. உனக்கு வேணும்னா ஒண்ணு பெத்து, வளர்த்து, அனுப்பிட்டு வா. அப்புறம் அழு.”

இழுத்தாள். இரண்டு தாய்மாரும் ஒரு அங்கிக்கு மல்லுக்கட்டினார்கள். கடைசியில் முகமூடித் தாய்தான் கையை விட்டாள். விட்டதும் அந்தக் கெட்டிக்காரன், கூத்தில் அப்படித்தான் இருக்கிறது என்பதுபோல், அகுரியின் காலடியில் மெல்லச் சரிந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

பிரபு எழுந்து நின்றார். வாளுக்குத்தான் கை போகும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அகுரியும் அதைத்தான் நினைத்தாள். வரட்டும் என்று நிமிர்ந்து நின்றாள்.

பிரபுவின் கை கழுத்துப்பட்டைக்குப் போனது.

“ஆகா! இதுவல்லவா கூத்து!” என்றார் தழுதழுத்த குரலில். தன் சரிகை அங்கியைக் கழற்றி மேடைக்கு வீசினார்.

அது அகுரியின் தோளில் விழுந்தது. அடுத்த அங்கி மகோரோகுவுடையது. அதற்குப்பின் எண்ணுவதற்கு இல்லை. பச்சை, பழுப்பு, செம்மண் நிறம் என்று நாற்புறமும் இருந்து வந்து விழுந்தன. எல்லோர் முகத்திலும் கண்ணீர். எல்லோருக்கும் நெஞ்சு நிறைந்திருந்தது. அகுரிக்கு வெட்டுப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அவளிடம் மிச்சம் இருந்தது கோபம் ஒன்றுதான். அதையும் வேடிக்கையாக்கி, அதற்கும் பரிசு கொடுத்துவிட்டார்கள்.

மகோரோகு மேடையோரம் ஓடிவந்தான்.

“கும்பிடு, அகுரி! பிரபு பாராட்டறாரு, குனிஞ்சு கும்பிடு!”

அவள் தோளில் கிடந்த சரிகையைத் தள்ளிவிட்டாள். நீல அங்கியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்தாள், அவன் காதருகே.

“அழணும்னா வீட்டுக்கு வந்து அழுங்க.”

கீழே விழுந்த அங்கிகளின்மேல், பிரபுவின் அங்கியும் சேர்த்துத்தான், சேற்றுச் செருப்போடு நடந்து படியிறங்கிப் போனாள். பைத்தியக்காரியின் நடை எவ்வளவு அச்சு அசலாக இருக்கிறது பார் என்று பின்னால் யாரோ வியந்தார்கள்.

பொழுது சாய்வதற்குள் மகோரோகு வீட்டுக்கு வந்தான். பிரபு என்ன சொன்னார், யார் யார் தோளைத் தட்டினார்கள் என்று சொல்ல ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். அகுரி அவனை உட்காரச் சொன்னாள். அவன் மடியில் கிசுகேயின் அங்கியை விரித்து வைத்தாள்.

“இப்போ அழுங்க. யாரும் இல்லை. நான் மட்டும்தான்.”

அவன் அங்கியைப் பார்த்தான். முடிச்சு முடிச்சாக இருந்த வெள்ளைப் புள்ளிகளை விரலால் தடவினான். கழுத்துப்பட்டையை மூக்கருகில் கொண்டுபோனான். கண்ணை இறுக்கி மூடினான். நெற்றி நரம்பு புடைத்தது. அடுப்பில் கஞ்சி கொதித்து வழிந்தது. அவள் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை.

“என்ன, மத்தளம் வேணுமா? பானையை எடுத்துத் தட்டட்டுமா?”

அவன் இல்லை என்று தலையாட்டினான். இன்னும் கொஞ்ச நேரம் முயன்றான். கண்ணைத் திறந்தபோது அது காய்ந்துபோய்த்தான் இருந்தது. பயந்துபோன மனிதனாக அவளைப் பார்த்தான்.

“வரமாட்டேங்குது, அகுரி.”

“அப்போ இது உங்களுக்கு எதுக்கு?” என்றாள். அவன் மடியிலிருந்து அங்கியை எடுத்துக்கொண்டாள்.