துணியின் மறுமுனை

படுக்கையில் கிடப்பவர்களை அவரவர் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்வதுதான் என் அத்தையின் வேலை. இப்போது இருக்கிற வீட்டில் பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். அவருக்கு அடியில் விரித்த துணியை இரு பக்கமும் இரண்டு பேர் பிடித்துத்தான் புரட்ட வேண்டும். அத்தை பதினோரு மாதம் தனியாகவே புரட்டினாள்.

ஆள் இல்லாமல் இல்லை. பக்கத்து அறையில் பெரியவரின் மகன் தினமும் எடை தூக்குகிறான். தெருவில் அவனுக்குப் பயில்வான் என்று பெயர். கண்ணாடி முன் நின்று தன் புஜத்தைத் தடவிப் பார்ப்பதில் அவனுக்கு அலுப்பே வந்ததில்லை. "உங்க கை பட்டாத்தான்க்கா அப்பா தூங்குறாரு" என்று நிலைப்படியில் சாய்ந்தபடி உருகுவான். அத்தைக்கும் உச்சி குளிர்ந்துவிடும். அந்த ஒரு பேச்சுக்காக முதுகெலும்பையே எழுதிக்கொடுத்தவள் அவள்.

ஒருநாள் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு தடவ இப்படி இழுத்தீங்கன்னா, உங்கள புரட்ட ரெண்டு ஆள் தேடணும்" என்றார்.

இரண்டு வார ஓய்வு. அதுவரை பயில்வான் சொந்தக்காரர்களைக் கெஞ்சிக் கூப்பிட்டுச் சமாளித்தான். தான் மட்டும் தொடவில்லை.

திரும்பிப் போன அன்று அத்தை துணியைச் சரிசெய்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"என்னக்கா, உக்காந்துட்டீங்க?"

"இன்னொரு ஆளு வரணும் தம்பி."

"யாரு வர்றாங்க?"

"நீங்கதான்."

"ஐயோ, நானா? எனக்கு முதுகு பிடிச்சுக்கும்க்கா. அடுத்த மாசம் போட்டி வேற இருக்கு."

"அந்த ரூம்ல தூக்குற இரும்ப விட உங்க அப்பா லேசுதான்."

பத்து நிமிடம் போனது. பெரியவர் முனகினார். அத்தைக்குக் கை பரபரத்ததாம். நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாளாம். எழுந்துவிட்டால் மறுபடி பழைய கதைதான்.

கடைசியில் பெரியவரே குழறினார்: "டேய், வந்து பிடிடா. நான் என்ன கடிக்கவா போறேன்?"

வந்தான். துணியின் முனையை ஏதோ அழுக்குச் சாக்கைத் தொடுவதுபோல் இரண்டு விரலால் பிடித்தான்.

"முழுக் கையால பிடிங்க தம்பி. அவ்வளவு பெரிய கைய எதுக்கு வளத்திருக்கீங்க?"

புரட்டி முடித்ததும் பயில்வானுக்கு மூச்சு வாங்கியது.

இப்போதெல்லாம் தினமும் பிடிக்கிறான். நலம் விசாரிக்க வருகிறவர்களிடம், "என் கை பட்டாத்தான் அப்பா தூங்குறாரு" என்று கூசாமல் சொல்கிறான். அத்தை பக்கத்தில்தான் நிற்கிறாள், ஆனால் மறுப்பதில்லை. அந்தப் பாராட்டைச் சுமந்து அவள் முதுகு போனது போதும். இனி பயில்வான் சுமக்கட்டும்.