ஒதுக்கி வைத்த காடும் அப்பாவும்

உற்றார் உறவினருக்கும் அப்பாவோடு பழகிய நண்பர்களுக்கும் வணக்கம். அப்பா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஒரு வருஷம் நிறைகிறது. இந்த நினைவு மலரை வாங்கிப் போகிறவர்களில் பாதிப் பேர், அவருடைய கடைசி ஒன்பது வருஷத்தில் எங்கள் வீட்டுப் படி ஏறாதவர்கள். அதைச் சொல்லாமல் தொடங்கினால் மனசு ஆறாது. நான் அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவன். ஊரார் வீட்டு நினைவு மலர்கள் எத்தனையோ என் கை வழியாகப் போயிருக்கின்றன. எல்லாவற்றிலும் இறந்தவர் உத்தமர், பிள்ளைகள் பாக்கியசாலிகள். எங்கள் அப்பாவும் உத்தமர்தான். அதனால் எங்களுக்கு வந்தது பாக்கியமா என்பதைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அப்பா பிறந்தது மாம்பலத்து ஏரிக்கரையில். இன்றைக்கு அங்கே நேர் நேராக வீதிகள் போட்டு, பங்களாக்கள் கட்டி, சாயங்காலத்தில் வக்கீல்கள் காற்று வாங்க நடக்கிறார்கள். அப்போது அங்கே நுங்கம்பாக்கம் தொட்டுச் சைதாப்பேட்டை வரைக்கும் தண்ணீர். எங்கள் தாத்தா அந்த ஏரிக்கு நீர்க்கட்டி, அதாவது மதகைத் திறந்து அடைத்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிறவர். அவருக்குப் பின் அந்த வேலை அப்பாவுக்கு வந்தது. ஏரிக்கு நடுவே கருவேல மரங்கள் நின்றன. மழைக்காலத்தில் அவற்றில் நாரையும் கொக்கும் கூடு கட்டும். குஞ்சு பறக்கும் வரைக்கும் அந்தப் பக்கம் யாரும் தெப்பம் விடமாட்டார்கள், கல் எறியமாட்டார்கள். சட்டம் போட்டு யாரும் தடுக்கவில்லை. பறவை எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்தால் நெல் நன்றாக வரும் என்று ஊருக்குத் தெரியும், அவ்வளவுதான். கோடையில் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து வண்டல் அள்ளிக் கரையை உயர்த்துவார்கள். ஏரியை ஊரே காத்தது. அப்பா சும்மா மதகுச் சாவியை வைத்திருந்தார்.

பட்டணம் பெருத்தது. குடியிருக்க மனை போதவில்லை என்று ஏரியைத் தூர்த்தார்கள். வண்டி வண்டியாக மண் வந்து விழுந்ததை அப்பா தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருவாராம். அந்த வருஷமும் நாரைகள் வந்தன. கருவேல மரங்களைக் காணாமல் இரண்டு நாள் வட்டமிட்டுவிட்டுப் போய்விட்டன. எங்களையும் கரையிலிருந்து கிளப்பினார்கள். மந்தைவெளியில் ஓர் ஓட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். தூர்க்கும் வேலையை மேற்பார்த்த அதிகாரி ஒருவர், ஏரியைக் காத்த ஆள்தானே என்று அப்பாவுக்கு அடையாற்றுக்குத் தெற்கே ஒரு காட்டில் வாச்சர் வேலை வாங்கிக் கொடுத்தார். அந்தக் காட்டின் பெயரை நான் எழுதவில்லை. அங்கே இன்னும் வேலை பார்க்கிற ஏழைகள் இருக்கிறார்கள்.

காட்டு வாசலில் இங்கிலீஷில் ஒரு போர்டு இருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்பா குமாஸ்தாவைக் கேட்டார். "ரிசர்வ்னு போட்ருக்கு. அப்டின்னா ஒதுக்கி வச்சதுன்னு அர்த்தம்" என்றார் அவர். அப்பாவுக்கு அது போதுமாயிருந்தது. மரத்துக்கும் மானுக்கும் என்று ஒதுக்கி வைத்தது, மனுஷன் கை படக்கூடாது, சாமிக்கு முடிந்து வைத்த காசு மாதிரி என்று எடுத்துக்கொண்டார். யாருக்கு ஒதுக்கி வைத்தது என்று இன்னொரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டது அவருடைய முதல் தப்பு.

வேலையில் அவரைப் போல் ஒருவர் கிடையாது. பங்குனி பிறக்கும் முன்பே காட்டைச் சுற்றிச் சருகு கூட்டி, தீ தாண்டாதபடி அகலமாகப் பாதை எடுத்துவிடுவார். மான் தண்ணீர் குடிக்கிற இரண்டு குட்டைகளிலும் ஏரி வண்டல் அள்ளுகிற மாதிரி ஆள் வைத்து அள்ளுவார். ஆள் கிடைக்காத வருஷம் அவரும் அம்மாவும் போய் அள்ளினார்கள். ஆடு உள்ளே வந்தால் ஓட்டிக்கொண்டு போய்ச் சர்க்கார் பட்டியான பவுண்டில் அடைப்பார். எங்கள் வீட்டில் அம்மா வறட்டி வைத்துத்தான் சமைத்தார்கள். காட்டு வாச்சர் வீட்டில் விறகுக்குப் பஞ்சமா என்று தெருவில் கேலி பேசுவார்கள். கடலுக்குப் பக்கத்தில் குடியிருந்து உப்புக்கு அலைகிறவர்கள் என்று எங்களுக்குப் பெயர்.

இனி, உறவினர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு ஒரே தங்கை, எங்கள் அத்தை. கோட்டூரில் இருந்தார். ஓர் ஐப்பசியில் மூன்று நாள் விடாத அடைமழை. அத்தையின் மருமகள் பிள்ளை பெற்று இரண்டாம் நாள். வெந்நீர் வைக்க வீட்டில் காய்ந்த சுள்ளி ஒன்று இல்லை. காட்டுக்குள் காற்றில் முறிந்து விழுந்திருந்த பட்டுப்போன உசிலங்கொம்பு ஒன்றை அத்தை வெட்டிக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வெளியே வரும்போது அப்பா எதிரே வந்தார். அங்கே நடந்த பேச்சை அத்தை சொல்லியும் கேட்டிருக்கிறேன், அப்பா சொல்லியும் கேட்டிருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்.

"இன்னாண்ணா, கீய வுயுந்த கொம்புதானே. மரத்த நானா வெட்டுனேன்?"

"வுயுந்தாலும் அது காட்டோட சொத்து. எறக்கி வை."

அத்தை இறக்கி வைக்கவில்லை. சுமையோடு அப்படியே அழைத்துக்கொண்டு போய் மேலதிகாரி முன்னால் நிறுத்தினார் அப்பா. அவர் ஸ்டேஷனுக்கு அனுப்பினார். காலையிலிருந்து விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் ஈரப் புடவையோடு அத்தை ஸ்டேஷன் தரையில் உட்கார்ந்திருந்தார். கொம்பு வெட்டிய கத்தியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே விட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் யாரோ விறகு கொடுத்து உதவியதில் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அப்பா செய்தது சரியென்று நான் எழுதமாட்டேன். அன்றைக்கு அவர் எங்களுக்கே வேற்று மனுஷராகத் தெரிந்தார். அம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. நீங்கள் எல்லோரும் சேர்ந்து எங்களை ஒதுக்கி வைத்தீர்கள். கல்யாணத்துக்குச் சொல்லவில்லை, காது குத்துக்குச் சொல்லவில்லை. கூடப் பிறந்தவளை ஸ்டேஷனுக்கு அனுப்பியவன் வீட்டில் தண்ணீர் குடிப்பது பாவம் என்று பேசினீர்கள். காட்டை ஒதுக்கி வைத்ததும் அப்பாவை ஒதுக்கி வைத்ததும் நம் பாஷையில் ஒரே வார்த்தைதான். அத்தை அதன்பின் காட்டுப் பக்கம் போகவில்லை. மந்தைவெளிக்கே குடிவந்து, எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற விறகுத் தொட்டியில் கட்டை அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். தெருவில் அப்பாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ரிசர்வ் என்றால் யாருக்கு என்பது அப்பாவுக்கு ஒரு மார்கழியில் தெரிந்தது. துரைமார்கள் விருந்தாளிகளோடு துப்பாக்கி எடுத்துக்கொண்டு வந்தார்கள். மான் எந்த நேரத்தில் எந்தக் குட்டைக்கு வரும் என்று தெரிந்த ஆள் யார் என்று கேட்டார்கள். அப்பாவைத் தவிர யார் இருக்கிறார்கள்? தப்பட்டைக்காரர்களுக்கு முன்னால் நடந்து மானை விரட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அவர் தூர் வாரிய குட்டையின் கரையிலேயே ஏழு மானைக் கிடத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து அப்பா சாப்பிடவில்லை. வேலியே பயிரை மேய்ந்தது என்று ஊரில் சொல்வார்கள். இங்கே வேலி ஒழுங்காகத்தான் நின்றது. வேலி போட்டவன் மேய்ந்தான்.

அப்போதாவது வேலையை விட்டிருக்கலாம். நானும் சொன்னேன். அவர் ஒரே பதில்தான் சொன்னார்: "மான் போனா போவட்டும், மரம் கீதே. அத்த யாரு பாக்கறது?"

அந்த மரத்தில்தான் இரண்டாவது தப்பு நடந்தது. காட்டின் தென்கோடியில் இருக்கிற பெரிய மரங்களுக்கெல்லாம் தாரால் நம்பர் போடச் சொல்லி உத்தரவு வந்தது. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். நம்பர் போட்டுவிட்டால் மரம் சர்க்கார் புத்தகத்தில் ஏறிவிடும், பிறகு எவன் தொடமுடியும் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு இங்கிலீஷ் இலக்கம் எழுதவராது. ஏரி மதகுக் கல்லில் வெட்டியிருந்த தமிழ் இலக்கங்களைப் பார்த்துத் தாத்தாவிடம் கற்றுக்கொண்டவர். பட்டையைக் கொஞ்சம் செதுக்கி, தென்னை மட்டையைத் தாரில் தோய்த்து, உசில், நாவல், வேம்பு என்று ஒவ்வொரு மரமாகத் தமிழில் எழுதினார். மேலதிகாரி வந்து பார்த்துவிட்டு இதென்ன கோலமா என்று கத்தினாராம். ஆனால் திருப்பி எழுத வைக்க நேரமில்லை. கண்டிராக்டர் அவசரப்பட்டார். அந்த நம்பர் வெட்டுகிறதற்காகப் போட்டது என்று அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. தென்கோடியைச் சமன் செய்து துரைமார் பந்து விளையாட மைதானம் போடப்போகிறார்கள் என்றும் சொல்லவில்லை.

அதற்குள் அப்பாவுக்கு மார்புச் சளி முற்றி, சீக்கு லீவில் வீட்டோடு கிடந்தார். மரம் வெட்டுகிற செய்தி எனக்கு அச்சகத்தில் தெரிந்தது. அடையாற்றுப் பாலத்தில் கட்டை வண்டிகள் வரிசையாக வருகின்றன என்று சொன்னார்கள். நான் போய்ப் பார்த்தேன். பார்த்துவிட்டு வந்தவனிடம் அப்பா கேட்டார்: "தெங்கோடில நாவ பூத்துக்கிச்சா?"

"நல்லாப் பூத்திருக்குப்பா" என்றேன்.

ஆறு மாதத்தில் எத்தனை தடவை அந்தப் பொய்யைச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. உசில் துளிர்த்துவிட்டது என்றேன், குட்டையில் தண்ணீர் நிற்கிறது என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சில நாள் தெரிந்துகொண்டே கேட்கிறாரோ என்று சந்தேகம் வரும். ஒரு விடியற்காலையில், அம்மா கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போது, போய்விட்டார்.

இது நன்றி சொல்ல வேண்டிய இடம். அப்பாவைத் தோள் கொடுத்துத் தூக்கியவர்கள் நான்கு பேர். மூவர் எங்கள் தெருக்காரர்கள், ஒருவர் எங்கள் அச்சகத்து மிஷின்மேன். அவர்களுக்கு நன்றி. இந்த மலரை அச்சிட்டுக்கொள்ளக் காகிதமும் மிஷினும் தந்த அச்சகத்து ஐயாவுக்கு நன்றி. அப்பா வேலை பார்த்த இடத்திலிருந்து யாரும் வரவில்லை. பதினாறாம் நாள் ஒரு கடிதம் மட்டும் வந்தது. அப்பா இடுப்பு வாரில் அணிந்த பித்தளை வில்லையை உடனே திருப்பி ஒப்படைக்கும்படி அதில் எழுதியிருந்தது. ஒப்படைத்துவிட்டோம். மறக்காமல் கேட்டார்களே, அவர்களுக்கும் நன்றி.

கடைசி நன்றி அத்தைக்கு.

அப்பா போன அன்று காலையில் சிதைக்குக் கட்டை வாங்க நான்தான் விறகுத் தொட்டிக்குப் போனேன். வேறு தொட்டி பக்கத்தில் இல்லை. அத்தை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். விஷயம் தெரிந்திருந்தது. கூலி ஆளைத் தொடவிடாமல், தானே ஒவ்வொரு கட்டையாக எடுத்து வண்டியில் அடுக்கினார். பாதி அடுக்கிவிட்டு உள்ளே போய், ஓரமாகச் சாக்குப் போட்டு மூடியிருந்த ஒரு கட்டையைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் போட்டுப் புரட்டினார். உசிலங்கட்டை. செதுக்கின இடத்தில் தாரால் ௪௰௭ என்று எழுதியிருந்தது. நாற்பத்தேழு. இந்தப் பட்டணத்தில் மரத்தின்மேல் அப்படி எழுதுகிற கை ஒன்றுதான் உண்டு.

நான் குனிந்து அந்த எண்ணைத் தடவிப் பார்த்தேன். அத்தைதான் பேசினார். "ஆறு மாசமா வண்டி வந்துக்கினுதான் கீது, நைனா. எல்லாம் எங்கண்ணன் எய்த்து. ஊட்டாண்ட வந்து மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போவலாம்னு எத்தினியோ நாளு கெளம்பிருக்கேன். படுத்துக் கெடக்கற மனுசன், இத்தக் கேட்டா அன்னிக்கே பூடுவான்னு திரும்பிருவேன்."

ஒன்பது வருஷம் பேசாமல் இருந்த அத்தை, பேசியிருந்தால் ஒரே வார்த்தையில் பழி தீர்த்திருக்கலாம். நான் பொய் சொல்லி அப்பாவைக் காத்தேன். அத்தை வாயைத் திறக்காமல் காத்தார். அத்தை அந்தக் கட்டையை முந்தானையால் துடைத்து வண்டியில் ஏற்றினார்.

"ஊட்டுக்கு ஒரு சுள்ளி எடுத்தாந்ததில்ல எங்கண்ணன். போவசொல்லவாவது எடுத்துக்கினு போவட்டும். இத்த நெஞ்சு மேல வை."

வைத்தேன். எண் மேலே தெரியும்படி வைத்தேன். அத்தை அன்று சுமந்தது பட்டு விழுந்த கொம்பு. இது உயிரோடு வெட்டிய மரம், உள்ளே பச்சை மாறவில்லை. எரிய வெகு நேரம் ஆயிற்று.