சந்தனம் பட்ட கத்தி

கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்னும் ஊரில், ரயில் பாலத்தின் கீழே, ஜப்பானியர் ஒருவரின் பட்டறையில் ஆறு வருடமாகக் கத்தி தீட்டுகிறேன். உலைக்கு எதிரே, ஏணி வைத்தால் எட்டும் உயரத்தில், இரும்பு வேலைக்காரரைக் காக்கும் அவரது தெய்வத்துக்கு ஒரு சின்ன மரக்கோயில். காலையில் உப்பும் அரிசியும் தண்ணீரும் மாற்றுவார். குனிந்து, தெய்வத்தை அழைக்க இரண்டு முறை கை தட்டுவார். என்னை அதைத் தொட விட்டதில்லை.

அன்று சரஸ்வதி பூசை. அவரோ அன்றிரவு விமானத்தில் ஜப்பானுக்குப் போகவிருந்தார். அங்கே அதே தெய்வத்தின் பெரிய கோயிலுக்குக் காணிக்கையாக அவர் அடித்த கத்தி, மரக்கோயிலின் முன் கிடந்தது.

அவர் வெளியே போன நேரம் சுத்தியலுக்கு, குறட்டுக்கு, தீட்டுகல்லுக்கு ஈரச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். வைத்தால் மறுநாள் காலைவரை அவற்றைத் தொடக்கூடாது. அதோடு நின்றிருக்கலாம். கை நிற்கவில்லை. ஏணியில் ஏறி அந்தக் கத்திக்கும் ஒரு பொட்டு.

மத்தியானம் கணவர் போனில் கூப்பிட்டார். பெருமையாகச் சொன்னேன்.

"ஈரச் சந்தனமோ? கறள் பிடிக்குமெல்லே! ஆறு வருசம் என்னத்தைப் படிச்சனீர்?"

"ஐயோ, பயப்படுத்தாதேங்கோ."

"போய்ப் பாரும் முதல்ல."

பார்த்தேன். பொட்டைத் துடைத்த இடத்தில் மண்ணிறத்தில் துரு வளையம். ஏப்ரன் நுனியால் தேய்த்தேன்; போகவில்லை. தீட்டுகல் கீழே, நான் வைத்த பொட்டோடு. தொட்டால் என் பூசை குலையும். தொடாவிட்டால் இந்தத் தெய்வத்துக்குக் கறள் பிடித்த காணிக்கை. ஏணியின் நடுவே நின்றேன். கதவு திறந்தது.

ஒளிக்க ஏலாது. கல்லைத் தொடமுடியாத காரணத்தையும் சேர்த்து, உடைந்த ஆங்கிலத்தில் எல்லாம் சொன்னேன். அவர் கத்தியை வெளிச்சத்தில் சரித்தார். பிறகு தானே கல்லை நனைத்தார். என் குங்குமம் கரைந்து சிவப்பாக ஓடியது. ஒரு மணி நேரம் தீட்டினார். வளையம் மறைந்தது. எண்ணெய்த் தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்தார்.

"கோபமா?" என்று கேட்டேன்.

"எனக்கா?" மேலே காட்டினார். "அங்கே கேள். நான் வரும்வரை உப்பை நீதான் மாற்றவேண்டும்."

மறுநாள் காலை உப்புக் கிண்ணத்தோடு ஏறினேன். மரக்கதவு மூடியிருந்தது. குனிந்தேன். தட்டுவதற்குச் சேர்த்த கைகள் சத்தம் போட மறுத்தன. உள்ளே இருக்கும் தெய்வத்துக்குக் கேட்டுவிடுமோ என்ற பயம்.